கழுதை சொன்ன சாட்சி

அத்தியாயம் 6

அக்டோபர் மாதத்தில் கடற்கரைக்கு வருகிறவன் ஒன்று புதிதாகக் காதலிப்பவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் போலீசுக்குப் பயந்து ஓடுகிறவனாக இருக்க வேண்டும் என்பது பெரிலின் கட்சி. ஹேல்சி ரயில் நிலையத்தில் அன்று இறங்கியது இரண்டே பேர்தான். ஒருத்தி பெரில். இன்னொருவர் அவளுடைய முதலாளி, துப்பறியும் டென்பி. இரண்டு வகையிலும் சேராதவர்கள்.

எதிர்ச்சுவரில் அந்த போஸ்டர் இருந்தது. மஞ்சள் மணல், மாசுமருவற்ற நீல வானம், கடலுக்குள் நீளமாக ஓடும் கடல்பாலம். நடுவில் சிவப்பு நீச்சலுடையில் ஓர் இளம்பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு சின்னக் குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு, வாளியும் கையுமாக மணலில் உட்கார்ந்திருந்தது. பின்னால் ஒரு கழுதை. அடியில் அகலமான நீலப் பட்டை. அதில், 'ஹேல்சிக்கு வாருங்கள், வெயில் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று ரயில்வேக்காரர்கள் அச்சடித்திருந்தார்கள். பட்டைக்கு மேலே யாரோ ஒரு ஆளின் கறுப்பு பூட்ஸ் இரண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பூட்சுக்குச் சொந்தக்காரன் எழுத்துக்கு அடியில் புதைந்து போயிருந்தான்.

"வெயில் காத்திருக்குதாம் சார்" என்றாள் பெரில், குடையை விரித்துக்கொண்டே. "காத்திருந்து காத்திருந்து பாத்துட்டு, இவங்க எங்க வரப்போறாங்கன்னு கிளம்பிப் போயிடுச்சு போல."

டென்பி சிரிக்கவில்லை. அவருக்குக் கடல்காற்று ஆகாது. மூக்கு ஏற்கெனவே ஒழுக ஆரம்பித்திருந்தது.

அவர்களை வேலைக்கு வைத்திருந்தவர் ஆமோஸ் பராக்ளோ. ஓல்டர்லி ஊரின் பஞ்சாலையில், பஞ்சைச் சீவிப் பிரிக்கும் கார்டிங் பிரிவில், வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். மில் அவருக்குக் கொடுத்தது ஒரு சுவர்க்கடிகாரமும் நெஞ்சு நிறையப் பஞ்சுத் தூசியும். மனைவி ஐவி யுத்த காலத்தில் போய்விட்டாள். இருந்தது ஒரே மகள், மேவிஸ். ஐந்து வருடங்களுக்கு முன்னால் அவள், ஊர் ஊராகப் போய் ராட்டினம் சுற்றுகிற ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அவன் கையைப் பிடித்தால் இந்த வாசப்படியை மிதிக்காதே என்று ஆமோஸ் சொன்னார். மிதிக்கவில்லை. கடிதமும் இல்லை, தகவலும் இல்லை. அப்பனைப் போலவே அவளும் பிடித்தால் பிடித்ததுதான்.

இந்த ஜூலையில் ஓல்டர்லி ரயில் நிலையத்தில் ஆமோஸ் இந்த போஸ்டரைப் பார்த்தார். சிரிக்கிறவள் மேவிஸ். பக்கத்தில் ஒரு குழந்தை. ஆகவே பேத்தி. அவர் ஏற வேண்டிய ரயில் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று போய்விட்டது. அடுத்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஹேல்சிக்கு வந்து சேர்ந்தார். அதிலிருந்து மணல், மிட்டாய்க்கடை, பேருந்து நிறுத்தம் என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் மகளைத் தேடினார். நடக்க மூச்சு பற்றாமல் போனபிறகுதான் டென்பிக்கு ஆள் அனுப்பினார். குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாராம்.

டென்பியின் கையில் இருந்தது ஒரே நூல், இந்தப் படம். வரைந்தவரைப் பிடித்தால் சிரித்தவளைப் பிடிக்கலாம். ரயில்வேயின் விளம்பரப் பிரிவில் கேட்டதற்கு, வரைந்தவரின் கையெழுத்து நீலப் பட்டைக்கு அடியில் போய்விட்டது, அதற்குமேல் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று மரியாதையாகக் கைவிரித்துவிட்டார்கள்.

*

ஆமோஸ் கடற்கரைச் சாலையில், மூன்று பக்கம் கண்ணாடி அடைத்த நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார். நான்காவது பக்கம் கடலைப் பார்த்துத் திறந்திருந்தது. காற்று அந்தப் பக்கமாகத்தான் வந்தது.

இந்தக் குளிரில் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பெரில் கேட்டாள். விடுதிக்கார அம்மாள் காலைப் பலகாரம் ஆனதும் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவாளாம். சாயங்காலத் தேநீருக்குத்தான் திறப்பாளாம். மழையோ பனியோ, அதுதான் ஊர் வழக்கம். இப்போது அந்த விடுதியில் இருப்பது ஆமோஸ் ஒருவர்தான். இருந்தாலும் வழக்கம் வழக்கம்தான்.

"உடம்பு சரியில்லன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் பெரில்.

"எல்லாருக்கும் உள்ளதுதானே கண்ணு எனக்கும்" என்றார் அவர். அந்த விதியைப் பற்றி அவருக்குக் கோபமே இல்லை. பெரிலுக்குத்தான் அந்த அம்மாளின் கதவை உதைக்க வேண்டும் போலிருந்தது.

ஆமோஸ் மரியாதைக்குத் தொப்பியைத் தொட்டார். இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே மில்லில் மெஷின் கொண்டு போனவை. மீதி விரல்களால் கோட்டுக்குள்ளிருந்து ஒரு போஸ்டரைப் பத்திரமாக எடுத்து மடியில் விரித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் இரக்கப்பட்டுக் கொடுத்த பிரதி. மடிப்புகளில் நைந்திருந்தது.

"இந்தச் சிரிப்பப் பாருங்க தம்பி. அவ அம்மா சிரிப்பு அப்படியே. வீட்ட விட்டுப் போறப்ப அழுதுட்டுதான் போனா. அப்புறம் எங்கேயோ சிரிச்சிருக்காளே, அது போதும்னு நெனச்சேன். போதல."

அதற்குமேல் பேச இருமல் விடவில்லை. பெரில் தன் சால்வையை அவர் முழங்காலில் போட்டாள். அவர் வேண்டாம் என்றார். அவள் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டாள்.

டென்பி மூக்கைச் சிந்திவிட்டுக் கடலைப் பார்த்தார். பிறகு போஸ்டரைப் பார்த்தார். கடலில் இருக்கும் பாலம் நடுவில் பெரிய இடைவெளியோடு இரண்டு துண்டாக நின்றது. யுத்தத்தின்போது, எதிரி வந்து இறங்கிவிடக்கூடாது என்று ராணுவம் நடுவில் வெட்டியது. இன்னும் யாரும் சேர்க்கவில்லை. போஸ்டரில் இருந்த பாலம் முழுசாக இருந்தது.

"பாலம் முழுசா இருக்கே பெரில்."

"போஸ்டர்ல எல்லாம் முழுசாத்தான் சார் இருக்கும். மழை பெய்யற போஸ்டர் எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

நியாயமான பதில்தான். டென்பி தலையாட்டினார். ஆனால் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். மணல், வாளி, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாக மேய்ந்துகொண்டே போய்க் கழுதையின் முகத்தில் நின்றுவிட்டார். இந்தக் கடற்கரைகளில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் கழுதைகளுக்கு நெற்றிப்பட்டையில் பெயர் எழுதியிருப்பார்கள். இந்தக் கழுதைக்கும் எழுதியிருந்தது. எறும்பு அளவு எழுத்தில், 'டச்சஸ்'.

ஆமோஸைக் காப்பிக்கடையில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, போஸ்டரை வாங்கிக்கொண்டு இருவரும் நடந்தார்கள்.

"வேலைக்குச் சேந்தப்ப கொலைகாரனைப் பிடிப்போம்னு சொன்னீங்க" என்றாள் பெரில். "இப்பக் கழுதையப் பிடிக்கப் போறோம். நல்ல முன்னேற்றம் சார்."

*

சீசன் முடிந்தால் கழுதைகள் உள்ளூர் புல்வெளிக்குப் போய்விடும். கழுதைக்காரர் ஜெத்ரோ பக்கிள் கொட்டகையில் உட்கார்ந்து நெற்றிப்பட்டைகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் சவாரிக்கு வரவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியடைந்தார். டென்பியின் எடையைக் கண்ணாலேயே அளந்து பயந்து போயிருக்க வேண்டும்.

தன் கழுதைகளைப் பற்றி அவர் நிறையச் சொன்னார். வாரத்தில் வெள்ளிக்கிழமை அவற்றுக்கு ஓய்வு. மத்தியானம் தீனிக்கு ஒரு மணி நேரம் கட்டாயம். முனிசிபாலிட்டியே போட்ட விதி.

"எனக்கு வெள்ளிக்கிழமை லீவு உண்டா சார்?" என்று பெரில் டென்பியின் காதில் கேட்டாள்.

அவர் போஸ்டரை ஜெத்ரோவிடம் நீட்டினார். ஜெத்ரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கிழவரின் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம டச்சஸ். இதை யாரு கண்ணு வரைஞ்சது? இடது காது மடங்கியிருக்கறதக்கூட விடல பாரு."

"அது இப்ப எங்க இருக்கு?" என்றார் டென்பி.

"எங்கப்பா காலத்துக் கழுதை அது. யுத்தம் ஆரம்பிக்கறதுக்கு முந்தின வருஷம் செத்துப்போச்சு. இந்தக் கொட்டகைக்குப் பின்னாலதான் பொதைச்சோம்."

அந்தப் பெயரை வேறு கழுதைக்கு வைத்தாரா என்று டென்பி கேட்டார். ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு வைப்பதில்லை என்றார் ஜெத்ரோ, கொஞ்சம் மனத்தாங்கலோடு. நீங்கள் உங்கள் தாயார் பெயரை வேலைக்காரிக்கு வைப்பீர்களா என்று திருப்பிக் கேட்டார்.

வெளியே வந்ததும் டென்பி பைப்பைப் பற்றவைக்க முயன்றார். காற்று விடவில்லை.

"உடைஞ்ச பாலத்த ஒட்டவெச்சு வரைஞ்சா டிக்கெட் விக்கும், சரி. செத்துப்போன கழுதைய எழுப்பிக் கொண்டுவந்தா எத்தனை டிக்கெட் கூடுதலா விக்கும் பெரில்?"

பெரிலுக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பாலம் பொய்யில்லை. படம்தான் பழசு. யுத்தத்துக்கு முன்னால் வரைந்த படத்தை எங்கிருந்தோ தேடி எடுத்துப் புதுப் பட்டை அடித்து ஒட்டியிருக்கிறார்கள். கழுதை நடந்த காலத்தில் மேவிஸ் வாளி தூக்கும் வயதில் இருந்திருப்பாள்.

"அப்ப அந்தப் பொண்ணு மேவிஸ் இல்ல."

"இல்ல."

"மூணு மாசமா அந்தாளு யாரோ ஒருத்தியத் தேடிட்டு இருந்திருக்காரு."

டென்பி பைப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இப்படியே காப்பிக்கடைக்குத் திரும்பிப் போய் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று பெரில் கேட்டாள். ஒரு மனிதனின் கடைசி நம்பிக்கையைப் பிடுங்குவதற்குக் கழுதையின் சாட்சி மட்டும் போதாது என்றார் டென்பி. படம் வரைகிறவர் யாராவது இந்தப் பக்கம் உண்டா என்று மறுபடி உள்ளே தலையை நீட்டிக் கேட்டார். மணல்மேட்டுக்குப் பின்னால் லாம்பர்ட் என்று ஒரு கிழவர் இருக்கிறார், முன்பெல்லாம் கடற்கரையில் பலகையோடு உட்கார்ந்திருப்பார் என்று பதில் வந்தது.

*

லாம்பர்ட்டின் வீடு ஒரு பழைய ரயில் பெட்டி. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மணலில் இறக்கி, புகைபோக்கி வைத்திருந்தார். இரண்டாம் வகுப்பு என்ற எழுத்து கதவில் இன்னும் இருந்தது. வாழ்நாளெல்லாம் ரயில்வேக்குப் படம் வரைந்தவனுக்கு அவர்கள் செய்த மரியாதை இவ்வளவுதான், முதல் வகுப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அவர்களை உள்ளே அழைத்தார்.

அந்தப் படத்தின் மூலப்பிரதி ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது.

அதே மணல், அதே பாலம், அதே டச்சஸ். பெண்ணின் தலைமுடி மட்டும் பழைய மோஸ்தரில் காதோடு ஒட்டி வளைந்திருந்தது. உடையும் பழைய காலத்துக் கருநீலம். போன வருடம் ரயில்வேக்கு போஸ்டர் அச்சடிக்கிற கம்பெனியிலிருந்து ஒரு இளைஞன் வந்து, முடியையும் துணியையும் இந்தக் காலத்துக்கு மாற்றித் தரச் சொன்னான், தனியாக ஒரு பிரதி எடுத்து மாற்றிக் கொடுத்தேன் என்றார் லாம்பர்ட். கீழே இருந்த ஆள் மட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை. அதை மறைக்கத்தான் நீலப் பட்டை.

பெரில் குனிந்து படத்தின் அடிப்பாகத்தைப் பார்த்தாள்.

கான்வாஸ் நாற்காலியில் ஒருவன் சாய்ந்து கிடந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, உள்கோட்டு, பளபளக்கும் பூட்ஸ். முகத்தின் மேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை விரித்துப் போட்டுக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். இடது கை மணலில் தொங்கியது.

"சார்" என்றாள் பெரில். "கையப் பாருங்க."

டென்பி பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. தேவைப்படவில்லை. தொங்கிய கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை.

அது ஓல்டர்லி மில்காரர்களின் விடுமுறை வாரம் என்றார் லாம்பர்ட். அந்த ஊர் மில்கள் எல்லாம் ஒரே வாரத்தில் மூடும். ஊரே கிளம்பி இங்கே வந்து இறங்கும். முதல் நாள் ஆண்கள் எல்லோரும் இப்படித்தான் கிடப்பார்கள். வருடம் முழுக்கத் தூங்காத தூக்கம். அந்தப் பெண் மட்டும் காலையிலிருந்து குழந்தையோடு சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் பலகையைத் திருப்பி வைத்தாராம்.

மேவிஸ் அந்தப் படத்தில் இருந்தாள். சிரிக்கிறவள் அவள் அம்மா. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைதான் மேவிஸ். மூன்று மாதமாக ஆமோஸ் தன் சொந்த பூட்ஸைப் பார்த்துக்கொண்டே மகளைத் தேடியிருக்கிறார். இந்த விஷயத்தை யார் போய்ச் சொல்வது, எப்படிச் சொல்வது?

"போஸ்டரப் பாத்துட்டு இந்தப் படத்தத் தேடி வந்ததுல நீங்க ரெண்டாவது" என்றார் லாம்பர்ட், கெட்டிலை அடுப்பில் வைத்தபடி.

டென்பி திரும்பினார்.

"ஜூன் மாசம் ஒரு பொண்ணு வந்தா. மாசமா இருந்தா, வயிறு நல்லாத் தெரிஞ்சுது. ஏதோ ஒரு ஸ்டேஷன்ல போஸ்டரப் பாத்தாளாம். வந்து இதுக்கு முன்னால நின்னு, இந்த வாளிய வெச்சிருக்கறது நான்தாங்கன்னா. ரொம்ப நேரம் நின்னா."

"எங்க இருக்கா? விலாசம் குடுத்தாளா?"

"ராட்டின வண்டியில ஊர் ஊராப் போறவளுக்கு ஏதுங்க விலாசம். சொந்த ஊருக்குப் போகக்கூடாதான்னு கேட்டேன். அந்த வாசப்படி எனக்கு இல்லைன்னா. அடுத்த கோடையில குழந்தையத் தூக்கிட்டு வர்றேன், அதுக்கு இத காட்டணும்னு சொல்லிட்டுப் போனா." லாம்பர்ட் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் தயங்கினார். "போறப்ப ஒண்ணு கேட்டா. அத நெனச்சா இன்னும் சங்கடமா இருக்கு. எங்கப்பா படம் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல, அந்தக் கைக்குட்டைய எடுத்துட்டு மூஞ்சிய வரைஞ்சு தர முடியுமான்னு கேட்டா. நான் எங்க போவேன்? அந்தாளு மூஞ்சிய நான் பாக்கவே இல்லியே."

கெட்டில் கொதித்தது. யாரும் எழுந்து அதை இறக்கவில்லை. பெரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

டென்பி சுற்றி வளைக்கவில்லை. காப்பிக்கடை மேஜையில் நைந்த போஸ்டரை விரித்து, இது எந்தக் காலத்துப் படம், சிரிக்கிறவள் யார், குழந்தை யார், பட்டைக்கு அடியில் தூங்குகிறவர் யார் என்று வரிசையாகச் சொன்னார். ஜூன் மாதம் வந்து போனவளைப் பற்றியும் சொன்னார். அவள் என்ன கேட்டாள் என்பதை மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்ததைப் பெரில் பார்த்தாள். மறைக்கவில்லை.

ஆமோஸ் இரண்டு பூட்ஸையும் விரலால் தடவிக்கொண்டிருந்தார். இருமல்கூட வரவில்லை.

"ஐவி என்னை எழுப்பினா" என்றார் கடைசியில். "அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கு. பாப்பா கோட்டை கட்டியிருக்கா, வந்து பாருங்கன்னு எழுப்பினா. அப்புறம் பாக்கறேன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். எழுந்திருச்சப்ப அலை வந்து கொண்டுபோயிருந்துது. பாப்பா ஒண்ணும் சொல்லல."

பிறகு, குளிர்காலத்துக்குள் அவளைக் கண்டுபிடித்துவிட முடியுமா என்று கேட்டார். ராட்டினக்காரர்கள் குளிருக்கு நாடு முழுக்க ஆங்காங்கே ஒதுங்கிக் கிடப்பார்கள். எத்தனையோ மைதானங்கள், எத்தனையோ வண்டிகள். தேடுவோம் என்றார் டென்பி. முடியுமா என்று தெரியவில்லை என்றும் சொன்னார். அவர் தன்னிடம் வந்தவர்களிடம் பொய் சொல்வதில்லை. இன்றைக்கு ஒரு நாள் சொன்னால் என்ன என்று பெரிலுக்குக் கோபம் வந்தது.

ஆமோஸ் தலையாட்டினார். போஸ்டரை அதே மடிப்புகளில் மடித்தார்.

"அந்தப் படம் வரையறவரு வீடு தூரமா தம்பி?"

மணல்மேட்டில் ஏறுவதற்குள் அவர் பலமுறை நின்றார். ஒரு பக்கம் டென்பியும் ஒரு பக்கம் பெரிலும் தாங்கிக்கொண்டார்கள். லாம்பர்ட்டுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இடது கையைப் பார்த்ததும் கதவை முழுசாகத் திறந்து விலகி நின்றார்.

ஆமோஸ் படத்திலிருந்த மனைவியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். குழந்தையின் முதுகைத் தொடப்போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் லாம்பர்ட் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நரைத்த முடியை உள்ளங்கையால் படிய வாரிக்கொண்டார். கன்னம் ஒட்டி, உதடு நீலம் பாய்ந்திருந்தது. இந்த முகமா மேவிஸுக்கு ஞாபகம் இருக்கும் என்று பெரில் நினைத்தாள். அவரைப் பார்க்க அவளால் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ரொம்ப நேரம் பிடிக்கும், மூச்சு வேறு வாங்குகிறது, வேண்டுமானால் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், கண்ணைக் கடைசியில் வரைந்துகொள்ளலாம் என்றார் லாம்பர்ட்.

"வேண்டாங்க" என்றார் ஆமோஸ். "அவ வந்து பாக்கறப்ப நான் முழிச்சிருக்கணும்."

லாம்பர்ட் கரித்துண்டை எடுத்தார்.